ஏசி அறையும் தேங்காய் எண்ணெயும்: என் கிரேடு 5 யூஃபோனியம் தேர்வு

யூஃபோனியம் என்ற பித்தளைக் காற்றுக் கருவியில் நான் கிரேடு 5 தேர்வு எழுதிய நாள் அது. இரண்டாவது பாடலின் நடுவில் ஏ பிளாட் சுரத்திலிருந்து பி பிளாட்டுக்கு ஏறும் ஓர் இடம் இருந்தது. ட்ரெபிள் கிளெஃப் என்ற சுரக்குறிப்பு முறையில் வாசிப்பவர்களுக்குத் தெரியும்: ஏ பிளாட்டுக்கு 2, 3 வால்வுகளை அழுத்த வேண்டும், பி பிளாட்டுக்கு 1 மட்டும். நான் சரியாகத்தான் விரலை எடுத்தேன். ஆனால் இரண்டாம் வால்வுக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் மேலே வரவில்லை. 1, 2 சேர்த்து அழுத்தியது போலாகி, பி பிளாட் வர வேண்டிய இடத்தில் ஏ ஒலித்தது. நகத்தால் பொத்தானை நிமிண்டித் தூக்கிவிட்டுத் தொடர்ந்தேன். அடுத்த வரியில் மறுபடியும் நின்றது.

காரணம் எளிது. முந்தின வாரம் வால்வு ஆயில் தீர்ந்துவிட்டது. எங்கள் சர்ச் பேண்டில் பெரியவர்கள் அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடுவார்கள், நானும் விட்டேன். நாகர்கோவில் வெயிலில் பிஸ்டன் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் மார்கழியில் பாட்டிலுக்குள் எண்ணெய் உறைவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் இறுக ஆரம்பிக்கும். தேர்வு அறையின் ஏசியில் முக்கால் மணி நேரம் காத்திருந்தபோது அதுதான் நடந்தது. தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். அது உறையாது, ஆனால் இந்த வேலைக்குக் கனம் அதிகம்.

நான் எழுதியது லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வு. அதில் மொத்தம் 100 மதிப்பெண். மூன்று பாடல்களுக்குத் தலா 22, டெக்னிக்கல் வொர்க்குக்கு 14, இரண்டு துணைத் தேர்வுகளுக்குத் தலா 10. 60 எடுத்தால் பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். எனக்கு 71 வந்தது. மெரிட்டுக்கு நான்கு குறைவு. அந்த நான்கும் அந்த இரண்டாம் பிஸ்டனில்தான் போயின என்று இன்றும் நம்புகிறேன். அடுத்து எழுதப்போகிறவர்களுக்காக, அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் மவுத்பீஸ், அதாவது உதட்டை வைத்து ஊதும் துண்டு. பேண்டில் கொடுத்த மவுத்பீஸ் என் கருவிக்குச் சேரவே இல்லை. தண்டில் காகிதம் சுற்றிச் செருகியிருந்தார்கள். மூன்று வருடம் அப்படியே வாசித்தேன். காற்று கசிந்தது, மேல் ஸ்தாயி எப்போதும் தடுமாறியது. குறை என் உதட்டில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

யூஃபோனியம் மவுத்பீஸின் தண்டு, அதாவது ஷாங்க், மூன்று அளவுகளில் வரும்: சிறியது, நடுத்தரம், பெரியது. யமஹா 321 போன்ற கருவிகளுக்குச் சிறிய ஷாங்க். பழைய பெஸன் கருவிகள் பலவற்றுக்கு நடுத்தரம். இன்றைய காம்பன்சேட்டிங் (கீழ்ச் சுரங்களின் சுருதியைத் தானே சரிசெய்யும்) யூஃபோனியங்களுக்குப் பெரும்பாலும் பெரியது. மற்றவர் வைத்திருக்கும் மவுத்பீஸ் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் ஷாங்க் சேராவிட்டால் வீண். செருகிப் பாருங்கள். சுமார் 2 முதல் 2.5 செ.மீ. உள்ளே போய், ஆடாமல் நிற்க வேண்டும். ஆட்டம் கண்டால் அது உங்கள் கருவிக்கானது இல்லை.

ஷாங்க் முடிவான பிறகுதான் ரிம் (உதடு படும் விளிம்பு), கப் (அதன் உள் குழி) எல்லாம். இங்கே எண்களைப் பார்த்துக் குழம்புவோம். பாக், டெனிஸ் விக் கம்பெனிகள் இரண்டிலும் எண் குறையக் குறைய ரிமின் உள்விட்டம் கூடும்; ஷில்கேயில் நேர்மாறு. டெனிஸ் விக்கில் கடைசி எழுத்துதான் ஷாங்க்: 6பிஎஸ் என்றால் சிறியது, 4ஏஎம் நடுத்தரம், 4ஏஎல் பெரியது. நடுவில் உள்ள ஏ, பி எழுத்துகள் கப்பின் ஆழம், ஏ அதிக ஆழம். பாக் 12சி ஏறக்குறைய 24.5 மி.மீ., 6½ஏஎல் ஏறக்குறைய 25.4. ஒரு மி.மீ.கூட இல்லாத வித்தியாசம்தான், ஆனால் உதட்டுக்கு அது நன்றாகத் தெரியும்.

என் கருத்து: கிரேடு 5 வரை 6½ஏஎல் அல்லது டெனிஸ் விக் 6 வரிசை போதும். ஆழம் குறைந்த கப்பில் மேல் சுரங்கள் சுலபமாக வரும், ஆனால் நாதம் டிராம்போன் பக்கம் சாய்ந்துவிடும். யூஃபோனியத்தின் அழகே அந்த உருண்டையான, கனிந்த ஒலிதான், அதை இழக்காதீர்கள். மிக ஆழமான, அகலமானதற்கு ஒரேயடியாகத் தாவினால் பத்து நிமிடத்தில் உதடு சோர்ந்துவிடும். எதை மாற்றினாலும் தேர்வுக்கு மூன்று மாதம் முன்பே மாற்றிவிடுங்கள். கடைசி மாதத்தில் மாற்றவே கூடாது. செருகும்போது உள்ளங்கையால் தட்டாதீர்கள், மெதுவாகத் திருகினால் போதும். சிக்கிக்கொண்டால் குறடு போட்டு இழுக்க வேண்டாம்; மவுத்பீஸைச் செருகும் குழாயான லீட் பைப் முறுகிவிடும். அதற்கென்றே புல்லர் என்ற கழற்றும் கருவி இருக்கிறது, ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோங்கள்.

அப்புறம் வால்வு. வாரம் ஒருமுறை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒன்றை முடித்து உள்ளே வைத்த பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும். பிஸ்டனை நேராக, சாய்க்காமல் தூக்குங்கள். நூல் உதிராத பழைய பருத்தித் துணியால் துடைத்தால் கறுப்பாக ஒரு படலம் வரும். பழைய எண்ணெயும் எச்சிலும் உலோகத் தூளும் சேர்ந்த அழுக்கு அது. வால்வை நிறுத்துவது இதுதான். குச்சியை முழுக்கத் துணியால் மூடி, பிஸ்டன் ஓடும் உறையின் உட்புறத்தையும் துடைக்க வேண்டும். உலோகம் உள்ளே உரசவே கூடாது. பாத்திரம் தேய்க்கும் நாரும் பித்தளைப் பாலிஷும் பிஸ்டன் பக்கமே வரக் கூடாது.

பிஸ்டன் மேல் நான்கைந்து சொட்டு ஆயில் விட்டு, மெதுவாக இறக்கித் திருப்புங்கள். பிஸ்டனைத் திரும்பாமல் பிடிக்கும் கைடு அதன் பள்ளத்தில் விழும்போது ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். மூடியை இறுக்கிவிட்டு ஊதிப் பாருங்கள். காற்று போகவில்லை என்றால் பிஸ்டன் தப்பாகத் திரும்பி நிற்கிறது, அல்லது எண் மாறி வேறு வால்வின் உறைக்குள் போய்விட்டது. அடி மூடியின் ஓட்டை வழியாக எண்ணெய் விடும் பழக்கம் பலருக்கு உண்டு. அங்கே தேங்கிய அழுக்குதான் மேலே ஏறும். கம்பெனி மாற்றினால் பழைய ஆயிலை முழுக்கத் துடைத்துவிட்டு விடுங்கள்.

காம்பன்சேட்டிங் கருவி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 1874-இல் டேவிட் பிளெய்க்லி வடிவமைத்த இந்த முறையில், நான்காம் வால்வை அழுத்தும்போது காற்று மற்ற மூன்றின் வழியாக இன்னொரு சுற்று போய் வரும். அதற்காகப் பிஸ்டன்கள் நீளமாக, அதிகத் துளைகளோடு இருக்கும். கொஞ்சம் தூசி சேர்ந்தாலும் உடனே தெரியும்.

ஸ்லைடை, அதாவது சுருதிக்காக நீட்டிச் சுருக்கும் குழாயை, இழுக்கும்போது அதற்குரிய வால்வை அழுத்திக்கொள்ளுங்கள். டீ, ஜூஸ் குடித்தால் வாய் கொப்பளித்துவிட்டு வாசியுங்கள். சர்க்கரை பிஸ்டனில் பிசுபிசுப்பாக ஒட்டும்.

தேர்வன்று ஆயில் பாட்டில் பையில் இருக்கட்டும், முதல் நாளே விட்டிருந்தாலும் சரி. ஏசியில் கருவி குளிர்ந்து சுருதி இறங்கும். காத்திருக்கும்போது சத்தம் வராமல் சூடான மூச்சை உள்ளே விட்டுக்கொண்டே நான்கு வால்வுகளையும் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருங்கள். இரண்டாவது முறை நான் அப்படித்தான் கதவு திறக்கும்வரை செய்துகொண்டிருந்தேன்.