விழட்டும்

"விழட்டும் அம்மா" என்று சொன்னது நான்தான். நுங்கு வெட்ட ஏறிய பனையிலிருந்து விழுந்தவரின் மனைவியிடம்! அந்தச் சொல் வாயில் எப்படி வந்தது என்று இரண்டு கோடை கழிந்தும் யோசிக்கிறேன்.

ஒடுகத்தூர்ப் பக்கத்துத் தம்பதி. கணவருக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் நான். அவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. ஆனால் பனை ஏறிய கைகள். சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்குப் பலகை போட்டு நகர மூன்றே வாரத்தில் கற்றுக்கொண்டார். பின்னால் அந்த அம்மாவின் இரண்டு கைகளும் ஏந்தியபடியே நிற்கும். தொடமாட்டார், நிற்பார், அவ்வளவுதான். "வெளியே இருங்கள்" என்றேன். "விழுந்துவிட்டால்?" என்றார். அதற்குத்தான் அந்தப் பதில்.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறுவதையும் சேர்த்துத்தான் சொல்லித் தருகிறோம். அந்த அம்மா நூறு நாள் வேலைக்குப் போனால் அவர் கட்டிலோடு கிடக்க முடியுமா?

வீட்டுக்குப் போன பத்தாம் நாள் விழுந்தார். வலி தெரியாத கால். மறுநாள் தொடை வீங்கிய பிறகுதான் வந்தார்கள், எக்ஸ்ரேயில் முறிவு. அசையாத காலில் எலும்பு மெலிந்துபோகும், சிறிய அடிக்கும் முறியும். அவரிடம் சொல்லியிருந்தேன். மனைவியிடம்? 'குடும்பத்தாருக்கு விளக்கப்பட்டது' என்று கேஸ் ஷீட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. சொன்ன நினைவு இல்லை.

"விழுந்ததற்கு அவர் அழவில்லை சார். சத்தம் கேட்டும் நான் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சொன்னபடி அவரே எழட்டும் என்று. அதற்குத்தான் அழுதார்."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்தது.

மூன்று வாரத்தில் அவர் கற்றது என்னாலா, பின்னால் நின்ற அந்தக் கைகளாலா? இப்படிக் கேட்பதும் அதிகமோ என்னவோ. எல்லாவற்றையும் மனைவியே செய்து, கை இருந்தும் சோற்றைப் பிசையாமல் உட்கார்ந்துவிட்ட ஆண்களையும் பார்த்திருக்கிறேன். அடுத்த மாதமே இன்னொரு மனைவியை வெளியே போகச் சொன்னேன். சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

கட்டுப் பிரித்த பிறகு வந்தபோது, இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வாசல் பக்கம்தான் சார், அவர் கண்ணில் படமாட்டேன். ஆனால் சாயங்கால வெயிலில் என் நிழல் உள்ளே விழும். அது அவருக்குத் தெரியும்."

சரியா என்று கேட்பதுபோல் பார்த்தார். நான் அவருடைய முழங்காலை மடக்கி, கோணம் அளந்துகொண்டிருந்தேன்.