பலூன் பாய் இல்லாத போட்டியில் யாருக்கு எவ்வளவு சலுகை?

நேற்று மாலை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் 6 கடல் மைல் பாய்மரப் படகுப் போட்டி, ஸ்பின்னக்கர் (காற்றோடு ஓடும்போது முன்னால் விரிக்கும் பலூன் பாய்) இல்லாத பிரிவு. நான் ஜே/105 படகில் முன்பாய் பார்த்துக்கொண்டேன். எதிரில் ஒரு கேட்டலினா 30 படகு. பி.எச்.ஆர்.எஃப். என்பது வெவ்வேறு வேகப் படகுகளுக்குச் சலுகை எண் தரும் முறை; அதில் மெதுவான படகின் நேரத்திலிருந்து மைலுக்கு இத்தனை விநாடி என்று கழிப்பார்கள். எங்களுக்குள் வித்தியாசம் மைலுக்கு 90 விநாடி. மொத்தம் 9 நிமிடம்.

காற்றை எதிர்த்துப் போகும்போது நன்றாகவே முந்தினோம். திரும்பிக் காற்றோடு வரும்போதுதான் சிக்கல். ஜே/105-இன் ஜிப், அதாவது முன்பாய், சின்னது. காற்றோடு ஓட அது நம்பியிருப்பதே பெரிய பலூன் பாயைத்தான். அதைப் பையிலேயே வைத்துவிட்டால் படகு சோர்ந்துவிடும். கேட்டலினாவோ ஜெனோவா என்ற தன் பெரிய முன்பாயைக் கம்பு கொடுத்து மறுபக்கம் விரித்து நிதானமாக வந்தது. அதற்கு இழப்பு குறைவு.

ஆனால் எங்கள் சலுகை எண், ஸ்பின்னக்கர் உண்டு என்று வைத்துப் போட்டது! எல்லாருக்கும் ஒரே அளவு விநாடி கூட்டினாலும் சரியாகாது, யார் எவ்வளவு இழக்கிறார்கள் என்பது படகுக்குப் படகு வேறு. முன்பாயின் பரப்பை அளந்து, இந்தப் பிரிவுக்கென்றே தனி எண் தர வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்கப்போகிறேன். கேட்டலினாக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.