ஓப்பனிங் நைட்டில் சில முதுகுகள்

கேலரி உரிமையாளர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார். முந்தைய இரவு நான் எடுத்த படங்கள். "எல்லாம் முதுகா இருக்கே, வந்தவங்க முகம் எங்கே?" என்றார். நான் கொடுத்த 90 படங்களில் பாதிக்கு மேல் முதுகுதான். கறுப்பு டிசர்ட் முதுகு, தோல் ஜாக்கெட் முதுகு, பின்கழுத்து வரை பச்சை குத்திய முதுகு. இந்த வேலை இத்தோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு முன் நான் கல்யாணங்களும் கம்பெனி விழாக்களும் எடுத்துக்கொண்டிருந்தவன். அங்கே கேமராவைத் தூக்கினாலே முகங்கள் தானாகத் திரும்பும். ஓவியக் கண்காட்சியின் முதல் நாள் மாலையும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிப் போனேன். வேறு கேலரிகளில் ஓரளவு அப்படித்தான். கையில் கோப்பையுடன் நடு அறையில் வட்டமாக நின்று பேசுவார்கள். ஓவியங்கள் பாட்டுக்குச் சுவரில் இருக்கும். இந்த லோப்ரோ கேலரியில் மட்டும் கூட்டம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

லோப்ரோ என்பது ஹைப்ரோவுக்கு எதிர்ப்பதம். மேட்டிமை ரசனை இல்லை, மட்டமான ரசனைதான், அதற்கென்ன என்று கேட்கும் பெயர். ஓவியர் ராபர்ட் வில்லியம்ஸ் 1970களின் இறுதியில் தன் ஓவியத் தொகுப்பு நூலுக்குத் தலைப்பு வைக்கும்போது பிடித்துக்கொண்ட சொல் அது. கலைக்கூடங்கள் நம்மை எப்படியும் சேர்க்கப்போவதில்லை, நாமே வைத்துக்கொள்வோம் என்ற தோரணை. அவர் 1960களில் எட் ‘பிக் டாடி’ ராத்தின் பட்டறையில் விளம்பரங்களுக்குப் படம் வரைந்தவர். ராத் என்றால் ஹாட் ராட் கார்கள் (பழைய கார்களை வேகத்துக்காகவும் அழகுக்காகவும் மாற்றிக் கட்டியவை), வாய் பிளந்து கண் பிதுங்கி நிற்கும் ‘ரேட் ஃபிங்க்’ எலி. தெற்கு கலிபோர்னியாவின் கார் பட்டறைகள், அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ், பங்க் இசைச் சுவரொட்டிகள், டாட்டூ கடைகள் எல்லாம் கலந்து வந்த வகை இது. இதற்கென்று சுவர் கொடுத்த முதல் இடங்களில் ஒன்று, லாஸ் ஏஞ்சலிஸில் பில்லி ஷையர் 1986இல் தொடங்கிய லா லூஸ் டி ஹேசுஸ் கேலரி. 1994இல் இந்த வகைக்கென்றே ஜக்ஸ்டபோஸ் பத்திரிகையும் வந்தது. ‘பாப் சர்ரியலிசம்’ என்ற கௌரவமான பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. எனக்கென்னவோ பழைய பெயரில்தான் சுவாரஸ்யம்.

ஓப்பனிங்குக்கு வருகிறவர்களில் பலருக்கு இந்தப் படங்கள் முதலில் டிசர்ட்டிலும் ஸ்டிக்கரிலும் பைக்கின் பெட்ரோல் டேங்கிலும் பழக்கமானவை. அதனால் ஓவியத்தின் முன்னால் கைகட்டி நிற்கும் மரியாதை கிடையாது. கிட்டே போவார்கள், சிரிப்பார்கள், விரல் நீட்டுவார்கள். படங்களும் அப்படித்தான். ஒரு சாண் இடத்தில் ஒரு மண்டையோடு, அதன் கண்குழிக்குள் ஒரு சமையலறை, சமையலறையில் ஒரு பூனை, பூனையின் கழுத்துப் பட்டையில் எழுத்து. ஆறடி தள்ளி நின்றால் ஒன்றும் பிடிபடாது.

சரி, முதுகு ஏன் வந்தது என்பதற்கு வருகிறேன். ரசனையைவிட வெளிச்சம்தான் காரணம். அந்த அறையில் மேற்கூரை கறுப்பு. விளக்கெல்லாம் ஓவியங்களைக் குறிவைத்தவை. சுவர் பளீரென்றிருக்கும், நடு அறை கிணற்றடி மாதிரி இருண்டிருக்கும். இரண்டுக்கும் சுமார் மூன்று ஸ்டாப் வித்தியாசம்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி. ஓவியத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் மனிதர்கள் நிழலாகிவிடுவார்கள், மனிதர்களுக்கு வைத்தால் ஓவியம் வெந்துபோகும். ஃபிளாஷை மேலே திருப்பி அடிக்கலாம் என்றால் கறுப்புக் கூரை அத்தனையையும் குடித்துவிடும். நேராக அடித்தாலோ இன்னும் மோசம். இந்த ஓவியர்களுக்குப் பளபளப்பின் மேல் தீராத காதல். வார்னிஷை அடுக்கடுக்காகப் பூசுவார்கள், சிலர் மேலே ரெசினையே ஊற்றிவிடுவார்கள். ஃபிளாஷ் அதில் பட்டால் படத்தின் நெற்றியில் ஒரு வெள்ளைச் சூரியன். போலரைசர் ஃபில்டர் போட்டால் பளபளப்பு குறையும், கூடவே ஒன்றரை ஸ்டாப் வெளிச்சமும் போய்விடும். அந்த இருட்டில் அது கட்டுப்படியாகாது.

கடைசியில் கேமராவை இருட்டுக்கு ஏற்றபடி ஐஎஸ்ஓ 3200, எஃப்/2, 1/125 என்று வைத்துக்கொண்டு காத்திருப்பது என்று ஆயிற்று. ஒருவர் ஓவியத்துக்கு ஓரடி தூரத்துக்குள் குனியும்போதுதான் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அவர் முகத்தில் விழும். சிவப்புப் படம் என்றால் கன்னம் சிவக்கும். ஆனால் அந்த முகத்தை நேராக எடுக்க வேண்டுமென்றால் நான் சுவருக்குள் நிற்க வேண்டும். எனக்குக் கிடைப்பது பக்கவாட்டில் ஒரு காது, மூக்கு நுனி, மற்றபடி முதுகு.

இதையெல்லாம் உரிமையாளரிடம் சொன்னேன். முழுவதும் காதில் வாங்கினார் என்று சொல்ல முடியாது. முதல் ஒரு மணி நேரம் அவருக்கு, அதாவது ஓவியர் தன் படத்தின் பக்கத்தில் நிற்பது, ஓவியரின் அப்பா அம்மா, கை கோத்த நண்பர்கள். அப்புறம் என் இஷ்டம். இப்படி ஓர் ஒப்பந்தம். சிவப்புப் புள்ளி விழும்போது மட்டும் வாங்குகிறவர் முகம் வரக்கூடாது என்றார். விற்றுப்போன ஓவியத்தின் பெயர்ச்சீட்டில் ஒட்டும் அந்தக் குட்டி ஸ்டிக்கரை ஒட்டும் கையை எடுக்கலாம், காசு கொடுத்தவரை எடுக்கக்கூடாது. நியாயம்தான்.

நடுவில் ஒரு அசட்டுத்தனமும் செய்தேன். யாருக்கும் தொந்தரவு வேண்டாமே என்று ஒருநாள் சைலண்ட் ஷட்டருக்கு மாறினேன். எல்இடி விளக்குகளின் துடிப்பு அதோடு ஒத்துப்போகவில்லை. வீட்டுக்கு வந்து திறந்தால் ஒரு மணி நேரப் படங்கள் அத்தனையிலும் வரிக்குதிரைப் பட்டை. அந்த ஒரு மணி நேரம், சொல்லவே வேண்டாம், ஓவியரின் அப்பா அம்மா வந்த நேரம்.

வேறொரு ஓப்பனிங்கில் ஒரு பெரியவர் வந்திருந்தார். நகக்கணுவில் போகாத கிரீஸ், சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி. பெரிய ஓவியங்களையெல்லாம் தாண்டிப் போய், மூலையிலிருந்த ஒரு சின்னப் பலகைப் படத்தின் முன் நின்றார். காரின் பானெட்டை மட்டும் வரைந்த படம், அதன்மேல் பின்ஸ்ட்ரைப் கோடுகள், அதாவது கார்களில் அலங்காரத்துக்குக் கையால் இழுக்கும் மெல்லிய கோடுகள். பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் குனிந்தே நின்றார். நான் நாலைந்து எடுத்ததும் திரும்பாமலே பேசினார். "இந்தக் கோடு ஒரே இழுப்பு. அணில் முடி பிரஷ், முடி கத்தி மாதிரி நீளமா இருக்கும். நடுவுல கையை எடுத்தா தெரிஞ்சுடும்." விரலைப் படத்தில் படாமல், ஒரு நூல் இடைவெளி விட்டு, கோட்டின் மேலேயே ஓட்டிக் காட்டினார். வளைவில் மணிக்கட்டு திரும்பவில்லை, தோள் திரும்பியது. நாற்பது வருஷம் கார்களுக்குக் கோடு போட்டவராம். கேலரிக்குள் வந்தது அன்றுதான் முதல் தடவையாம்.

விரலும் கோடும் ஒன்றாக இருந்த படத்தை கேமரா திரையில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தன்னைப் பார்க்கவில்லை. "பெருசாக்க முடியுமா?" என்று கேட்டு, கோடு மெலிந்து முடியும் இடம் வரை என்னை நகர்த்தச் சொன்னார். "இங்க, பாரு. இங்க கை நடுங்கியிருக்கு."

அதை வரைந்த பெண் எங்கள் பின்னால்தான் நின்றிருந்தாள், நாங்கள் கவனிக்கவில்லை. எங்கே என்று கேட்டுக்கொண்டே எங்களைத் தாண்டிப் போய் ஓவியத்தின் முன் குனிந்தாள். அவரும் போய்ப் பக்கத்தில் குனிந்தார். நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.