அம்மாவின் பென்ஷனில் கூடுதலாக வந்த பணமும், அதைத் திருப்பிக் கேட்ட கடிதமும்

என் அப்பா மத்திய அரசில் குரூப் சி ஊழியராக இருந்து 2014 ஜனவரியில் ஓய்வு பெற்றவர். 2017-இல் இறந்துபோனார். அதிலிருந்து அம்மாவுக்கு ஒரு வங்கி மூலம் குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கிறது. 2024 ஜனவரியில் அந்தத் தொகை திடீரென்று ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. என்ன ஏது என்று விசாரிப்பதற்குள் ஒரு கடிதம் வந்தது. 2019 முதல் உங்களுக்குக் கூடுதலாகப் பென்ஷன் வழங்கப்பட்டுவிட்டது, மொத்தம் ஏறத்தாழ 4,39,000 ரூபாய், அதைத் திருப்பிச் செலுத்தவும் என்று இருந்தது. சேமிப்புக் கணக்கில் இருந்த பணத்தையும் எடுக்க முடியாதபடி ஹோல்டு போட்டிருந்தார்கள்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாக்கள், பாட்டிகள் பலருக்கும் இதே காரணத்தால் இதே கடிதம் வருகிறது. அதனால் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், கூடுதல் பணம் எப்படி வருகிறது என்பது. மத்திய அரசு ஊழியர் ஓய்வு பெற்ற பிறகு இறந்தால், குடும்ப ஓய்வூதியம் முதலில் உயர்ந்த விகிதத்தில் தரப்படும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் அதிகபட்சம் 50 சதவீதம். இறந்த நாளிலிருந்து 7 ஆண்டுகள், அல்லது இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு 67 வயது நிறையும் நாள், இதில் எது முன்னதாக வருகிறதோ அதுவரைதான் இந்த விகிதம். அதன் பிறகு 30 சதவீதமாகக் குறைந்துவிடும். பணியில் இருக்கும்போதே இறந்தவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே உயர்ந்த விகிதம் 10 ஆண்டுகள் வரும்.

அப்பா பிறந்தது 1954 ஜனவரி. 2021 ஜனவரியில் அவருக்கு 67 நிறைந்திருக்கும். அந்த மாதத்தோடு அம்மாவின் பென்ஷன் குறைந்திருக்க வேண்டும். குறைக்கவில்லை. மாறவேண்டிய தேதி பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணையிலேயே அச்சாகி இருக்கிறது. வங்கியின் கணினியில் அது ஏறியிருந்தால் தானாகவே குறைந்திருக்கும். அம்மா தன் பங்குக்கு ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்று கொடுத்திருக்கிறார், எதையும் மறைத்ததில்லை. மாதம் 21,000 சொச்சம் வந்ததில் எது அடிப்படை, எது விலைவாசிக்கு ஏற்ப அதன்மேல் சேர்க்கும் அகவிலை நிவாரணம், அதில் எது கூடுதல் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடிதம் வந்ததும் அம்மா உடைந்துபோனார். பணம் போகிறதே என்பது இரண்டாவதுதான். ஏமாற்றி வாங்கியதாக யாராவது நினைத்துவிடுவார்களோ என்பதுதான் அவரை அரித்தது. "அரசாங்கத்துப் பணம் நமக்கு வேண்டாம்ப்பா, வளையலை வச்சாவது கட்டிடலாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியக் கூடாது என்றார். இந்த மனநிலையில் இருப்பவர்களிடம் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது.

அப்படியே ஒரு காகிதம் நீட்டவும் பட்டது. கிளையில் இருந்த அதிகாரி நல்ல மனிதர்தான், அம்மாவை உட்கார வைத்து மரியாதையாகப் பேசினார். ஆனால் முடிவெல்லாம் மேலே வங்கியின் ஓய்வூதிய மையத்தில் எடுப்பது, எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, முழுத் தொகையையும் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன் என்று தட்டச்சு செய்த ஒரு கடிதத்தை முன்னால் வைத்தார். நான் அதை வாங்கிப் படித்துவிட்டு, இப்போது கையெழுத்துப் போட முடியாது, கணக்கு விவரம் எழுத்தில் வேண்டும் என்றேன். அம்மாவுக்கு என்மேல் கோபம். வெளியே வந்ததும், அந்த அதிகாரியே சொல்கிறார், போட்டிருக்கலாமே என்றார். போட்டிருந்தால், நாங்கள் தர வேண்டாத ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் சேர்த்துச் சம்மதம் கொடுத்திருப்போம்.

ஏனென்றால் கணக்கே தப்பு. மாதவாரியான பட்டியல் கேட்டு எழுதிக் கொடுத்தோம். வாய்மொழியாகக் கேட்டபோது வராத பட்டியல், அம்மாவின் பெயரிலேயே 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்ததும் வந்தது. பொதுத்துறை வங்கி என்பதால் அந்த வழி திறந்திருந்தது. சட்டப்படி 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பட்டியலோடு, பென்ஷன் தொடங்கும்போது அம்மா எழுதிக் கொடுத்த உறுதிமொழிக் கடிதத்தின் நகலையும் அதே விண்ணப்பத்தில் கேட்டிருந்தேன். அது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

பட்டியலைப் பி.பி.ஓ.வோடு வைத்து ஒரு ராத்திரி முழுக்கச் சரிபார்த்தேன். இரண்டு பிழைகள் கிடைத்தன. ஒன்று, உயர்ந்த விகிதம் முடியும் வயதை 67-க்குப் பதில் 65 என்று வைத்திருந்தார்கள். அதனால் 2019 பிப்ரவரியிலிருந்து இரண்டு முழு ஆண்டுகள் அநியாயமாகக் கூடுதல் கணக்கில் சேர்ந்துவிட்டன. இரண்டாவது சிறியது, ஆனால் எல்லா மாதமும் வருவது. ஏழாவது ஊதியக் குழுப்படி அப்பாவின் அடிப்படைச் சம்பளம் 29,200 என்று நிர்ணயமாகி இருந்தது. அதில் பாதி 14,600. அதுதான் அம்மாவுக்கு வந்துகொண்டிருந்த அடிப்படை. 30 சதவீதம் என்று பார்த்தால் 8,760. ஆனால் மத்திய அரசில் குடும்ப ஓய்வூதியம் 9,000-க்குக் கீழே போகக் கூடாது. வங்கி 8,760-ஐயே வைத்துக் கழித்திருந்தது. மாதம் 240 ரூபாய்தான், ஆனால் அதன்மேல் அகவிலை நிவாரணமும் ஏறும். போதாததற்கு, இனி வரப்போகும் பென்ஷனையும் அதே குறைந்த தொகையில் நிர்ணயித்திருந்தார்கள். அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் அம்மா வாழ்நாள் முழுக்க இழந்திருப்பார்.

அகவிலை நிவாரணத்தையும் அந்தந்த அரையாண்டுக்கு உரிய விகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 2021 ஜூன் வரை 17 சதவீதம், ஜூலையிலிருந்து 31, பிறகு 34, 38, 42, 46. 2021 பிப்ரவரி முதல் 2023 டிசம்பர் வரை உண்மையான கூடுதல் 2,65,000-க்குச் சற்றுக் குறைவு. இந்த வேலைக்கு ஆடிட்டர் தேவையில்லை. பெருக்கத் தெரிந்தால் போதும். ஆணையில் உள்ள தேதியும், நிவாரண விகிதங்களும், பாஸ்புக்கும் கையில் இருந்தால் ஒரு நாள் வேலை.

இந்தக் கணக்கைத் தாளில் எழுதி, பி.பி.ஓ. நகல் இணைத்து, கிளைக்கும் ஓய்வூதிய மையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டைகளைப் பத்திரப்படுத்தினேன். அதே கடிதத்தில் ஹோல்டை நீக்கச் சொல்லியும் கேட்டோம். கணக்கில் இருந்ததில் அம்மாவின் மருந்துச் செலவுக்கு என்று நான் போட்ட பணமும் உண்டு. முன்னறிவிப்பும் விளக்கம் கேட்பதும் இல்லாமல் ஒரு வயதானவரின் கணக்கை முடக்குவதை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. 2020-இல் 85 வயதான ஓய்வூதியர் ஒருவரின் வழக்கில், சம்மதம் இல்லாமல் பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு உத்தரவிட்டிருக்கிறது. அதைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்தோம். கூடவே மத்திய அரசின் ஓய்வூதியர் குறைதீர்ப்பு இணையதளத்திலும் புகார் பதிந்தேன். எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, ஆனால் ஹோல்டு போனது. சில வாரங்கள் கழித்துத் திருத்திய கணக்கும் வந்தது. இரண்டு பிழைகளையும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

வங்கி பதிலே தராமல் இழுத்தால், எழுத்துப் புகார் கொடுத்து 30 நாள் கழித்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

இனி மிச்சமிருந்த 2,65,000. இங்கேதான் நானும் அம்மாவும் மாறுபட்டோம். 2014 டிசம்பரில் ரஃபீக் மசீஹ் வழக்கில் உச்ச நீதிமன்றம், தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த பணத்தை யாரிடமெல்லாம் வசூலிக்கக் கூடாது என்று ஐந்து நிலைமைகளைச் சொன்னது. குரூப் சி, டி ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கூடுதல் தொகை போன இனங்கள், வசூலித்தால் பெரும் அநீதியாகும் இனங்கள் எல்லாம் அதில் வரும். 2016 மார்ச்சில் மத்திய பணியாளர் துறையும் இதை ஏற்றுச் சுற்றறிக்கை விட்டது. ஆனால் அதே 2016-இல் ஜக்தேவ் சிங் வழக்கில், கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று முன்பே எழுதிக் கொடுத்தவர் அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டவர் என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பென்ஷன் தொடங்கும்போது வங்கி வாங்கும் உறுதிமொழிக் கடிதம் சரியாக அதுதான். நகல் கேட்டதன் காரணம் இது. நகல் வந்தது, அம்மாவின் கையெழுத்து இருந்தது.

தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் மழுப்பாமல் சொன்னார்: உயர் நீதிமன்றம் போகலாம், அம்மாவின் வயதும் வங்கியின் தவறும் நமக்குச் சாதகம், உறுதிமொழி பாதகம், ஜெயிப்போம் என்று உத்தரவாதம் தர முடியாது. எனக்குப் போராடிப் பார்க்கலாம் என்றிருந்தது. வங்கியின் தவறால் போன கூடுதல் தொகையை வங்கி உடனே மொத்தமாக அரசுக்குக் கட்டிவிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நிலைப்பாடு. அப்படியிருக்க, சுமை முழுவதும் ஒரு விதவைத் தாயின் மேல் இறங்குவது சரியில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அம்மா தெளிவாக இருந்தார். "நமக்குச் சேர வேண்டாத பணம்னா திருப்பிக் கொடுத்திடலாம். ஆனா நான் சாப்பிட்டுட்டுத்தான் கொடுப்பேன்." முடிவு அவருடையது. அதன்படியே செய்தோம்.

அப்புறம் பேச்சு தவணையைப் பற்றித்தான். மாதப் பென்ஷனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்காமல் இருப்பது வங்கிகள் நீண்ட காலம் பின்பற்றிய நடைமுறை. அம்மாவின் புதிய பென்ஷன் 9,000-மும் அதன்மேல் 46 சதவீதமும் சேர்ந்து 13,140. மூன்றில் ஒரு பங்கு என்றால் 4,380. அதுவும் அவருக்கு அதிகம். வாடகை, மருந்து, மளிகைச் செலவை ஒரு பக்கத்தில் எழுதி, மருத்துவச் சீட்டுகளை இணைத்து, 2,500 என்று கேட்டோம். 3,000-இல் முடிந்தது. ஏழு வருஷத்துக்கு மேல் ஓடும். இவ்வளவு நீளமா என்று அதிகாரி தயங்கினார், ஆனால் பென்ஷன் அவ்வளவுதானே. வட்டி கிடையாது என்பதையும், தவணை எண்ணிக்கையையும், கணக்கில் வேறு ஹோல்டு போட மாட்டோம் என்பதையும் எழுத்தில் வாங்கினோம். எங்கள் சம்மதக் கடிதத்தில், இந்த வசூலைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் சம்மதிக்கிறோம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னது அந்த வழக்கறிஞர்தான். அப்பா வேலை பார்த்த துறைக்குத் தள்ளுபடி கேட்டு ஒரு மனுவும் போயிருக்கிறது. அதற்குச் செலவினத் துறையின் ஒப்புதல் வேண்டும் என்பதால் சீக்கிரம் நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இன்னும் பதில் இல்லை.

தவணை ஆரம்பித்த பிறகும் பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. 2024 ஜனவரி முதல் அகவிலை நிவாரணம் 50 சதவீதமாக உயர்ந்து, நிலுவைத் தொகை பின்னால் சேர்ந்து வந்தது. அந்த நிலுவையை முழுசாக எடுத்துக்கொண்டுவிடுவார்களோ என்று கவலையாக இருந்தது. எடுக்கவில்லை. அடிப்படையும் 9,000 என்றே சரியாக ஏறியிருந்தது.

காகிதங்களைப் புரட்டியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கு 80 வயது நிறைந்தால் 20 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும், 85-இல் அது 30 ஆகும், 90-இல் 40. அதற்கு அம்மாவின் பிறந்த தேதி வங்கியின் பதிவில் இருக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. ஆதாரும் பான் அட்டையும் கொடுத்து, அந்தத் தேதியை ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதிவானதற்கான கடிதம் போன மாதம் வந்தது, அதையும் பி.பி.ஓ.வோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.