தோப்புக்கு ரூட் வந்துவிட்டது (ஆப்ஷன் 121)

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குத் தோப்பு மோட்டார் ரூம் கேமரா, செங்கோட்டை வீட்டு லேப்டாப்பில் தெரிந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை தின்ற வேலை.

வீட்டு நெட்வொர்க் 192.168.1.0/24 (சாய்கோட்டுக்குப் பின் வருவது பிரிஃபிக்ஸ் நீளம், அதாவது முகவரியில் முதல் எத்தனை பிட் நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்பது). புளியரைத் தோப்பு 192.168.16.0/20. நாலு கேமராவுக்கு எதற்கு இவ்வளவு பெரிய /20 என்று கேட்காதீர்கள். நடுவில் இருந்து இரண்டையும் இணைக்கும் பெட்டி 192.168.1.2. கருவிகளுக்கு டிஎச்சிபி வழியாக முகவரி கொடுக்கும் சர்வரான டிஎன்எஸ்மாஸ்க்கில் ஆப்ஷன் 121 போட்டு, ரூட்டை (எந்த நெட்வொர்க்குக்கு எந்தப் பெட்டி வழியாகப் போவது என்பதை) எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று இறங்கினேன். டெபியன் லினக்ஸில், முகவரி வாங்கும் நிரலான டிஎச்கிளையன்ட்டுக்கு இந்த ரூட்டைப் போட ஆயத்த ஹூக் (அதன் ஸ்கிரிப்ட்டோடு சேர்ந்து ஓடும் துணை ஸ்கிரிப்ட்) உண்டு. அதை ஓரங்கட்டிவிட்டுச் சொந்தமாக எழுதியதுதான் வினை.

தோப்பு ரூட்டை மட்டும் போட்டதும் "டேய், நெட் போச்சுடா" என்று அக்கா சத்தம். 121 வந்தால் ஆப்ஷன் 3-இல் வரும் கேட்வேயை (வெளியே போக வழிவிடும் பெட்டியை) கிளையன்ட் தள்ளிவிட வேண்டும். இந்த ஆப்ஷனுக்கான விதி ஆவணம் ஆர்எஃப்சி 3442 அப்படித்தான் சொல்கிறது. டீஃபால்ட் ரூட்டையும் (மற்ற எல்லா இடத்துக்கும் போகும் வழியையும்) 121-லேயே சேர்த்தேன். சரி.

அப்புறம் வந்தது உண்மையான தலைவலி. ஸ்கிரிப்ட்டுக்கு ரூட் எல்லாம் வெறும் எண் வரிசையாக வருகிறது:

20 192 168 16 192 168 1 2 0 192 168 1 1

முதலில் பிரிஃபிக்ஸ் நீளம், பிறகு முகவரியில் தேவையான எண்கள் மட்டும், பிறகு கேட்வேயின் நாலு எண். எத்தனை எண் தேவை என்பதற்கு நான் 8-ஆல் வகுத்தேன். /24-க்கு 3, பிரமாதம். /20-க்கு ஷெல் மீதியை விட்டுவிட்டு 2 என்றது, வேண்டியதோ 3. 16 கேட்வேக்குள் நழுவி 16.192.168.1 ஆனது, அடுத்து நின்ற 2-ஐப் பிரிஃபிக்ஸ் என்று எடுத்துக்கொண்டு மிச்சமெல்லாம் கந்தல். கர்னல் 'கேட்வே செல்லாது' என்று திட்டியதையும் வயர்லெஸ் லிங்க் மேல் பழி போட்டு, சாரலில் நனைந்துகொண்டே டிஷ்ஷைத் திருப்பினேன்! 7 கூட்டி 8-ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்கிரிப்ட்டை ஓட்டும் டேஷ் ஷெல்லில் அர்ரே (பட்டியல்) கிடையாது. எண்களை ஒவ்வொன்றாக எடுக்க செட், ஷிஃப்ட் கட்டளைகள் இரண்டும் போதும்.

ஹூக்கில் 'எக்ஸிட்' எழுதாதீர்கள். அது தாய் ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே ஓடுவதால் அதையும் சேர்த்து முடித்துவிடும். லீஸ் (முகவரியின் தவணை) புதுப்பிக்கும்போது, ரூட் சேர்க்கும் 'ஆட்' கட்டளை ஏற்கெனவே இருக்கிறது என்று அழும், 'ரீப்ளேஸ்' போடுங்கள். சோதிக்க லீஸை 2 நிமிடம் ஆக்கினேன், நிமிடத்துக்கொரு புதுப்பிப்பு.

சர்வரில் ரூட்டை மாற்றினால் பழையது இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஸ்கிரிப்ட்டுக்கு வரும் ஓல்ட், நியூ (பழைய, புதிய) மாறிகளை ஒப்பிட்டு நீக்க வேண்டும், பாதி எழுதியிருக்கிறேன். அதற்குள் புனலூரில் ஒரு கடையில் பழைய ரூட்டர் பார்த்து வைத்திருக்கிறேன். போன வாரம் கடைக்காரர் "நாளெ வரூ" (நாளைக்கு வாங்க) என்றார். அதில் பிஸிபாக்ஸ் (சின்னக் கருவிகளுக்கான கட்டளைத் தொகுப்பு) ஏற்றி, இதே ஹூக்கை அதிலுள்ள டிஎச்சிபி கிளையன்ட்டான யூடிஎச்சிபிசிக்கு மாற்ற ஆசை.