ஆண்ட்வெர்ப்பில் ஒரு கண் பரிசோதனை

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் ரெட் ஸ்டார் லைன் அருங்காட்சியகம் இருக்கிறது. 1873 முதல் 1934 வரை அந்தக் கம்பெனியின் கப்பல்களில் சுமார் 20 லட்சம் பேர் வட அமெரிக்காவுக்குப் போனார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ரயிலேறி வந்த ஏழைகள் ஏராளம், அவர்களில் யூதக் குடும்பங்கள் நிறைய.

கூட்டிப் போனது பிரஸ்ஸல்ஸில் இருக்கும் என் தங்கை. 1933-ல் ஐன்ஸ்டைன் பெல்கன்லாண்ட் கப்பலில் வந்து இறங்கிய கதையில் அவள் லயித்துவிட்டாள். கண் ஆஸ்பத்திரி நர்ஸான நான் பரிசோதனைப் பகுதியைவிட்டு நகரவில்லை.

மூன்றாம் வகுப்புப் பயணிகள் இங்கே உடுப்பைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். துணியும் மூட்டையும் நீராவிக் கலத்துக்குள் போகும், ஆட்கள் குளிக்கப் போவார்கள். அப்புறம் டாக்டர். மேல் வகுப்புக்காரர்களுக்கு இந்த வரிசை கிடையாது என்றதும் எனக்குக் கோபம் வந்தது. கம்பெனி இவ்வளவு மெனக்கெட்டது பணத்துக்காக. அமெரிக்கா உள்ளே விடாமல் திருப்பியவரைக் கம்பெனியே தன் செலவில் திரும்பக் கொண்டுவர வேண்டும். தொற்றுநோயோடு வந்தவர் என்றால் 1903-லிருந்து தலைக்கு 100 டாலர் அபராதம் வேறு.

ரொம்பப் பயந்தது டிரக்கோமா என்ற தொற்றும் கண்நோய்க்கு. இமையின் உட்புறம் ரவை ரவையாகத் தடித்து, தழும்பாகி, இமை உள்ளே மடங்கும். முடி கருவிழியை உரசி உரசியே பார்வை போகும். மேலிமையைத் திருப்பித்தான் கண்டுபிடிக்க முடியும். "கீழே பாருங்கம்மா" என்று சொல்லி, பஞ்சுக்குச்சி வைத்து மெதுவாகத் திருப்பினாலே பெரியவர்கள்கூடத் துள்ளுவார்கள். நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவில் இதற்கு பூட்ஸ் பொத்தான் மாட்டும் கொக்கியைப் பயன்படுத்தினார்கள்.

1922-ல் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு இந்த நோய். அவளை ஆண்ட்வெர்ப்பிலேயே விட்டுவிட்டு அம்மாவும் சகோதரர்களும் கப்பலேறினார்கள். பிறகு அவள் போனபோது எல்லிஸ் தீவிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். குடும்பத்தோடு சேர 1927 ஆகிவிட்டது. அந்தக் காலத்து வைத்தியம், இமையைத் திருப்பி மயில்துத்தக் கட்டியால் தேய்ப்பது. நினைத்தாலே எனக்குக் கண் எரிகிறது. இன்று அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை ஒரே வேளை கொடுக்கிறோம். இந்தியாவில் டிரக்கோமா இனி பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று 2024-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

பெற்ற பிள்ளையை எப்படி விட்டுப் போனாள் என்று தங்கை கேட்டாள். நான் அந்த அம்மாவின் பக்கம். நாட்டுவாரியாக இத்தனை பேர்தான் என்று 1921-லேயே அமெரிக்கா வரம்பு போட்டுவிட்டது, 1924-ல் அதை இன்னும் இறுக்கியது. மகள் குணமாகட்டும் என்று காத்திருந்தால் மற்ற பிள்ளைகளும் இந்தக் கரையிலேயே நின்றிருப்பார்கள்.