கிரனாடாவில் ஓர் இரவு

ஜூன் 13, 2024, வியாழன், கோர்டோபா

ஸ்பெயினில் வலப்பக்கம் ஓட்டுவது பழகிவிட்டது. ரவுண்டானாக்கள்தான் இன்னும் படுத்துகின்றன. உள்ளே நுழையும்போதெல்லாம் காரில் பேச்சு நின்றுவிடுகிறது. பகல் முழுக்க மெஸ்கித்தா என்னும் பழைய மசூதியின் 856 தூண்களுக்கு நடுவே சுற்றினோம். வெளியே அனல். இந்த ஊர் வெயில் தாழ்ந்த பிறகுதான் விழித்துக்கொள்கிறது. நள்ளிரவிலும் சதுக்கத்தில் பிள்ளைகள் பந்து உதைக்க, பாட்டிமார் பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். நாங்கள் நால்வரும் இரவு எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிய கல்லூரி விடுதியில் சிநேகமானவர்கள். நாளை கிரனாடாவில் அறைக்குத் திரும்பும் நேரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று பேசிவைத்திருக்கிறோம்.

ஜூன் 14, வெள்ளி, கிரனாடா (படுக்கும்போது மணி மூன்று)

என்-432 சாலையில் சுமார் 160 கி.மீ. வழியெல்லாம் ஆலிவ் மரங்கள், குன்று குன்றாக, வரிசை பிசகாமல். பழைய நகருக்குள் வெளியூர்க் கார்களை விடுவதில்லை என்பதால் வண்டியை நிலத்தடி நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடந்தோம்.

இங்கே குடிக்க ஏதாவது வாங்கினால் ஒரு சின்னத் தட்டு தாபாஸ், அதாவது கொறிக்க ஏதாவது, இலவசமாக வந்துவிடும். பீர்தான் வாங்க வேண்டும் என்றில்லை, திராட்சைச் சாறுக்கும் உண்டு. பெரும்பாலும் என்ன வரும் என்பது கடைக்காரர் கையில். ஒரு கடையில் நின்றபடியே ஒரு தட்டு, அப்புறம் அடுத்த கடை. எங்களில் ஒருத்தி சைவம். அவளுக்காகக் கேட்டு வாங்கியதுதான் இன்றைக்குச் சாப்பிட்டதிலேயே சிறந்தது: மெல்லிசாக நறுக்கிப் பொரித்த கத்தரிக்காய், மேலே கருப்பங்கழிப் பாகு. ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் வெண்ணெய் போல. கரும்பை இந்தப் பக்கம் கொண்டுவந்து பயிரிட்டவர்கள் அரேபியர்கள். 1492 வரை இது அவர்கள் ஆண்ட ஊர்.

ஒன்பதரைக்குத்தான் பொழுது சாய்ந்தது. சான் நிக்கோலாஸ் திடலிலிருந்து எதிர்க் குன்றில் அல்ஹம்ப்ரா அரண்மனைக் கோட்டை சிவந்து தெரிந்தது. நல்ல கூட்டம், படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

அங்கிருந்து சாக்ரோமோந்தே. ஹித்தானோ மக்கள், அதாவது ஸ்பெயினின் ரோமா இனத்தவர், குன்றைக் குடைந்து குடியிருந்த குகைகள். சிலவற்றில் இப்போது ஃபிளமெங்கோ ஆட்டம் நடக்கிறது. வெள்ளையடித்த நீளக் குகை, மேலே செப்புப் பாத்திரங்கள் தொங்குகின்றன, சுவரோரமாக ஒரே வரிசை நாற்காலி. ஆடுகிறவரின் பாவாடை முழங்காலில் உரசுகிறது. மேடை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. பாட்டு, கிதார், கைதட்டல், காலடி, அவ்வளவுதான்.

பக்கத்தில் இருந்த தோழி பரதம் கற்றவள். வேலை, கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகு சலங்கையைத் தொட்டதில்லை. கைதட்டுகிறவர்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் என் தொடையில் தட்ட ஆரம்பித்தாள். "தகிட தகிட தக தக தக. பன்னிரண்டுடி, கேளு!" கேட்டேன். மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. அதுவரை எனக்கு வெறும் இரைச்சலாக இருந்த கைதட்டல் சட்டென்று பிரிந்து விழுந்தது. ஆடுகிறவர் எங்கே அழுத்துகிறார், எங்கே வேண்டுமென்றே தள்ளிப்போடுகிறார் என்பதெல்லாம் புரிந்தது. ஹித்தானோ மக்களின் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து கிளம்பியவர்கள். இந்தத் தாளத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போட நான் துணிய மாட்டேன். ஆனால் அவள் கை அதைப் பிடித்துக்கொண்ட வேகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவள் கண் நிறைந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

தர்ரோ ஆற்றோரமாக இறங்கி வரும்போது மணி இரண்டு. தெருவில் எங்களைப் போல எத்தனையோ பெண்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நம் ஊரிலும் என் மகளுக்கு இந்த நடை கிடைக்க வேண்டும், மனதார வேண்டுகிறேன்.

ஜூன் 15, சனி, நெர்ஹா

எழுந்ததே பத்தரைக்கு. ஏ-44 வழியாகக் கடற்கரைக்கு இறங்கினோம். பின் சீட்டில் தாள வகுப்பு. மூன்றுகள் எல்லோருக்கும் வருகிறது, இரண்டுகளில் இடறுகிறோம். காபிக்கு நின்ற இடத்தில் அவள் பழைய நாட்டிய ஆசிரியைக்குச் செய்தி அனுப்பினாள். ஜூலையில் வந்து பார்க்கச் சொல்லிப் பதில் வந்தது. எங்கள் மூவருக்கும் மாறி மாறிக் காட்டினாள்.

மாலகாவுக்கு இன்னும் 50 கி.மீ. சொச்சம். இனி நான் ஓட்ட வேண்டும்.